17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை: என் பசங்களுக்கு எங்கேருந்து ஆரம்பிச்சு சொல்றது?

கார்னர்கொடி

வியாசர்பாடியில 14, 15 வயசுப் பசங்களுக்குச் சாயங்காலத்துல கால்பந்து சொல்லித் தர்றேன். மொத்தம் பத்தொன்பது பேர். 2025 நவம்பர் 27 ராத்திரி கத்தார்ல நடந்த ஃபைனலை ஒரே செல்போனைச் சுத்தி உக்காந்து பார்த்தாங்க. போர்ச்சுகல் 1, ஆஸ்திரியா 0. 32வது நிமிஷத்துல அனிசியோ கப்ரால் போட்ட ஒரே கோல். முடிஞ்சதும் ஒரு பையன் கேட்டான்: "மாஸ்டர், இது எப்போலேருந்து நடக்குது? இதுல ஜெயிச்சவங்க எல்லாம் அப்புறம் பெரிய பிளேயர் ஆயிட்டாங்களா?"

2017ல நம்ம நாட்டுல நடந்தது தெரியும். அதுக்கு முன்னாடி கதை எனக்கே அரைகுறை. வர்ற ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சு ஒரு மணி நேரம் உக்கார வச்சுப் பேசலாம்னு இருக்கேன். யார் எப்ப கோப்பை வாங்கினாங்கன்னு பட்டியல் வேணாம், அது நெட்லயே கிடைக்கும். அவங்க மனசுல நிக்கிற மாதிரி எங்கேருந்து ஆரம்பிக்கலாம், எந்த மேட்ச்சைப் போட்டுக் காட்டலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காலாங் காற்று

சிங்கப்பூரிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விதை இங்கேதான் விழுந்தது.

1977ல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் லயன் சிட்டி கோப்பை என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கானது. வெளிநாட்டு அணிகளும் வந்து ஆடின. அந்த வயதில் நாடுகளுக்கிடையே ஒரு போட்டி என்பது அப்போது புது யோசனை. 1982ல் அதைப் பார்க்க ஃபிஃபாவின் பொதுச் செயலாளராக இருந்த செப் பிளாட்டர் வந்தார். பார்த்துவிட்டுப் போய், இதையே உலக அளவில் நடத்தலாம் என்று பரிந்துரைத்தார். அப்படித்தான் 1985ல் சீனாவில் முதல் போட்டி நடந்தது. 16 அணிகள். அப்போது வயது வரம்பும் 16தான். 1991ல் இத்தாலியில் நடந்தபோதுதான் 17 ஆனது. "உலகக் கோப்பை" என்ற பெயர் வந்தது இன்னும் பிந்தி, 2007ல்.

முதல் இறுதியாட்டம் பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில், ஆகஸ்ட் 11. நைஜீரியாவும் மேற்கு ஜெர்மனியும். மூன்றாவது நிமிடமே ஜொனதன் அக்போபோரி கோல் போட்டார். 2-0. எந்த வயதுப் பிரிவானாலும் ஒரு ஃபிஃபா போட்டியில் ஆப்பிரிக்க நாடு கோப்பை வாங்கியது அதுதான் முதல் முறை. உங்கள் பையன்களிடம் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். பெரியவர்களின் உலகக் கோப்பையில் அப்போது ஆப்பிரிக்கா முழுவதற்கும் இரண்டே இடங்கள். சின்னப் பையன்கள் போட்டியில்தான் அந்தக் கண்டம் சமமாக உட்கார்ந்தது, உட்கார்ந்த முதல் நாளே ஜெயித்தது.

லயன் சிட்டி கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு என் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். திடலில் ஓடியவர்கள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் போலவே இருந்தார்கள். ஒருவன் காலுறை கெண்டைக்கால் வரை வழிந்து, அதை இழுத்துவிட்டுக்கொண்டே ஓடினான். இவ்வளவு நாள் கழித்து எனக்கு நினைவிருப்பது அந்தக் காலுறைதான், ஸ்கோர் இல்லை.

வலதுவிங்

நல்ல கதைதான். ஆனா பசங்ககிட்ட உண்மையையும் சொல்லணும் மாஸ்டர். நைஜீரியா இந்தக் கோப்பையை 5 தடவை வாங்கியிருக்கு: 1985, 1993, 2007, 2013, 2015. கானா 2 தடவை, 1991ம் 1995ம். அதுலயும் கானா 1991லேருந்து 1997 வரை தொடர்ந்து 4 ஃபைனல். அப்படிப்பட்ட கண்டத்துலேருந்து பெரியவங்க உலகக் கோப்பை ஃபைனலுக்கு இதுவரைக்கும் ஒரு நாடுகூட வரல. மொராக்கோ 2022ல அரையிறுதி வரைக்கும் வந்ததுதான் உச்சம். 16 வயசுல உலகத்தையே அடிக்கிறவன் 24 வயசுல எங்க போறான்?

காரணம் எல்லாருக்கும் தெரியும். வயசு. 1988 ஒலிம்பிக்ல ஆடின மூணு நைஜீரியா வீரர்களோட பிறந்த தேதியும், அவங்களே முன்னாடி ஜூனியர் போட்டியில குடுத்த தேதியும் ஒத்துப்போகல. ஃபிஃபா ரெண்டு வருஷம் தடை போட்டுச்சு. 1991ல 20 வயசுக்குட்பட்டோர் போட்டியை நடத்த வேண்டிய உரிமையும் போச்சு, அது போர்ச்சுகலுக்குப் போனது. இதை மறைச்சிட்டு "ஆப்பிரிக்கா எழுந்தது"ன்னு மட்டும் சொன்னா அது பாதிக் கதை.

வடமராட்சியான்

தம்பி வலதுவிங், நீங்கள் சொன்ன தடை நடந்தது உண்மை. ஆனா வயதுக் களவு எண்டால் உடனே ஆபிரிக்காவைக் கை காட்டுறது சரியில்லை.

மெக்சிக்கோவைப் பாருங்கோ. அதே 1988ல, 20 வயதுக்குட்பட்ட தகுதிகாண் போட்டியில வயது கூடின நாலு பேரை இறக்கினவை. எப்பிடிப் பிடிபட்டது தெரியுமோ? அந்த நாட்டுச் சம்மேளனமே அச்சடிச்ச ஆண்டுப் புத்தகத்தில உண்மையான பிறந்த திகதி இருந்தது. ஒரு பத்திரிகையாளர் அதை எடுத்துப் பார்த்திட்டார். ஃபிஃபா மெக்சிக்கோவின்ர எல்லா அணிகளையும் ரெண்டு வருசம் தடை செய்தது. சியோல் ஒலிம்பிக்கும் போச்சு, 1990 உலகக் கிண்ணமும் போச்சு. நைஜீரியாவுக்குக் கிடைச்சதை விடப் பெரிய தண்டனை. ஆனா இண்டைக்கு மெக்சிக்கோ 17 வயதுக் கிண்ணம் ரெண்டு தரம் வெண்டதைப் பற்றி ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை.

மற்றது 1989. ஸ்கொட்லாந்தில நடந்த போட்டி. இறுதியாட்டம் யூன் 10, கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க். பெடியளின்ர ஆட்டத்துக்கு ஐம்பதாயிரம் சனம் வந்தது. அரையிறுதியில ஸ்கொட்லாந்து போர்த்துக்கலை 1-0 எண்டு வெண்டிருந்தது. பிறகு உலகப் புகழ் பெற்ற லூயிஸ் ஃபிகோ அந்தப் போர்த்துக்கல் அணியில இருந்தவர். இறுதியில சவூதி அரேபியாவுக்கு எதிரா 2-0 முன்னுக்கு நிண்டவை. சவூதி ரெண்டையும் திருப்பி அடிச்சு, தண்ட உதையில 5-4 எண்டு கிண்ணத்தைக் கொண்டு போனது. ஆடவர் உதைபந்தாட்டத்தில ஃபிஃபா கிண்ணம் ஒண்டை ஆசியா வெண்டது அந்த ஒரே தரம்தான்.

சவூதிப் பெடியளுக்கு மீசை இருந்தது, வயது கூட எண்டு ஸ்கொட்லாந்தில இண்டைக்கும் சொல்லுவினம். ஆனா ஒண்டும் நிரூபணமாகேல்லை. மீசையைப் பார்த்து வயதைச் சொல்லலாமோ? எங்கட பள்ளிக்கூடத்தில பத்தாம் வகுப்பிலயே மீசை வச்ச பெடியள் இருந்தவை.

கார்னர்கொடி, உங்கட பெடியளுக்கு ஜேம்ஸ் வில்லின்ர கதையைச் சொல்லுங்கோ. அந்த 1989 ஸ்கொட்லாந்து அணியின்ர பந்துக்காப்பாளர். ஃபிகோ ஆடின போட்டியில சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்குத்தான் கிடைச்சது. ஆர்சனலில இருந்தவர். அங்க முதல் அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடக் கிடைக்கேல்லை. பிறகு ஸ்கொட்லாந்திலயே பொலிஸ்காரரானார்.

ஸ்கேன்அறை

நான் திருநெல்வேலியில ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ டெக்னீஷியன். கால்பந்து என் வீட்டுக்காரருக்குத்தான் உயிர். ஆனா வயசுப் பரிசோதனைன்னு பேச்சு வந்ததால எழுதுறேன்.

2009ல நைஜீரியாவுல நடந்த போட்டியிலதான் ஃபிஃபா முதல் தடவையா மணிக்கட்டு எம்ஆர்ஐயைக் கொண்டுவந்தது. அது என்ன பண்ணுதுன்னு பல பேருக்குத் தெரியல. முழங்கைலேருந்து கட்டைவிரல் பக்கமா ஓடுற எலும்புக்கு ஆரை எலும்புன்னு பேர். வளர்ற பிள்ளைகளுக்கு அதோட நுனிக்கும் தண்டுக்கும் நடுவுல குருத்தெலும்புத் தட்டு ஒண்ணு இருக்கும். எலும்பு நீளமாகுறது அங்கதான். படத்துல தெளிவான கோடா தெரியும். வயசு ஏற ஏற அந்தக் கோடு துண்டு துண்டா மங்கி, கடைசில இருந்த இடமே தெரியாம ஒட்டிப் போயிரும். இதை ஆறு நிலையாப் பிரிச்சிருக்காங்க. ஆறாவது நிலைன்னா முழுசா ஒட்டியாச்சு. ஆண் பிள்ளைகளுக்கு 17 முடியறதுக்கு முன்னாடி அந்த நிலை வர்றது ரொம்ப அபூர்வம். அதனால ஆறாவது நிலைன்னா அந்தப் பையனை ஆட விடமாட்டாங்க.

எக்ஸ்ரேல பார்த்தா ஆகாதான்னு கேக்கலாம். பார்க்கலாம். ஆனா நோய் எதுவும் இல்லாத பிள்ளைமேல விளையாட்டுக்காகக் கதிர்வீச்சைப் பாய்ச்சுறது தப்பு. எம்ஆர்ஐல அது கிடையாது. கைக்கு எடுக்கும்போது குப்புறப் படுக்க வச்சு, ஒரு கையைத் தலைக்கு மேல நீட்டச் சொல்லி, மணிக்கட்டைக் காயில்னு சொல்ற சுருள் கருவிக்குள்ள வச்சுக் கட்டுவோம். மெஷின் டக்டக்னு தட்டும். சின்னப் பிள்ளைக தோள் வலிக்குதுன்னு அசைஞ்சிரும், திரும்ப முதல்லேருந்து எடுக்கணும்.

ஒரு விஷயம் முக்கியம். இந்தப் படம் "இவன் நிச்சயமா வயசு கூடினவன்"னு சொல்லும். "இவன் நிச்சயமா 17க்குக் கீழ"ன்னு சொல்லாது. சில பேருக்கு 19 வயசுலயும் கோடு மிச்சமிருக்கும். அவங்க தப்பிச்சிரலாம். பொய்யில பாதியைப் பிடிக்கும்னு வச்சுக்கோங்க.

காலாங் காற்று

நன்றிம்மா, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதோடு ஒரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், வலதுவிங். 2009 போட்டிக்கு முன் நைஜீரியா தன் பையன்களுக்கு ஸ்கேன் எடுத்து, பலரை அணியிலிருந்தே நீக்கியது. மிச்சமிருந்தவர்களோடு ஆடி இறுதி வரை வந்தது. அபுஜாவில் சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்றது. அதன் பிறகு ஸ்கேன் நடைமுறையில் இருக்கும்போதே 2013, 2015 இரண்டு கோப்பைகளையும் வாங்கியது. 2015ல் விக்டர் ஒசிமென் 10 கோல். ஒரே போட்டியில் யாரும் அத்தனை அடித்ததில்லை. இன்றைக்கு அவர் எவ்வளவு பெரிய வீரர் என்று உங்களுக்கே தெரியும். 1993 அணியில் இருந்தவர் நவான்குவோ கானு. மூன்றே வருடத்தில் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணிக்குத் தலைவர். எல்லோரும் காணாமல் போகவில்லை.

ஏமாற்று நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2019ல்கூட கினியாவின் இரண்டு பையன்களுடைய பிறந்த தேதி, முன்பு ஜப்பானில் ஒரு போட்டிக்குக் கொடுத்த தேதியோடு பொருந்தவில்லை. கினியாவை நீக்கிவிட்டு செனகலை அனுப்பினார்கள். ஆனால் ஐந்து கோப்பைகளையும் அந்த ஒரு சொல்லால் துடைத்துப்போடுவது, உண்மையாகவே பதினாறு வயதில் அப்படி ஆடியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கார்னர்கொடி

இதைப் படிச்சதும் ஒண்ணு சொல்லியே ஆகணும்னு தோணுது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கூல் டீம்களுக்கான ஒரு அண்டர் 17 டோர்னமெண்ட். எந்த ஸ்கூல், எந்த ஊர்னு எழுத மாட்டேன். எதிர் டீம் ஸ்டாப்பர், அதாவது நடுவுல நின்னு தடுக்கிறவன், ஆறடி, தோளே என் தோளைவிட அகலம். எங்க லெஃப்ட் பேக் அஞ்சடிகூட இல்ல. ஒரு ஹை பால், ரெண்டு பேரும் எகிறினாங்க. எங்க பையன் கீழ விழுந்த சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கோட்டுக்கே கேட்டுது. காறை எலும்பு முறிஞ்சுபோச்சு.

மறுநாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல அந்த ஸ்டாப்பர் வந்து நிக்கிறான். கையில ஒரு பன் பாக்கெட்டும் ரெண்டு வாழைப்பழமும். "சார், நான் காலேஜ் செகண்ட் இயர். ஆடுனா அடுத்த வருஷ ஃபீஸைப் பார்த்துக்கறேன்னு சொன்னாங்க சார்"ன்னான். அழுதான். எங்க பையன் அம்மாவுக்கு அவனைத் திட்டணுமா, உக்காரச் சொல்லணுமான்னே தெரியல. கடைசில உக்காரச் சொன்னாங்க.

அன்னிலேருந்து வயசுப் பொய்னு கேட்டா எனக்கு அந்தப் பையன்மேல கோபம் வர்றதில்ல. அவன் கையில யாரோ பொய்யான பேப்பரைத் திணிச்சிருக்காங்க. அந்த பேப்பரால எங்க பையன் தோள் போச்சு. அதே டீம்ல உண்மையான வயசுல ஒருத்தன் பெஞ்சுல உக்காந்திருந்திருப்பான், அவனுக்கு ஆட்டமே போச்சு. நைஜீரியாவோ மெக்சிகோவோ, அங்கயும் பெஞ்சுல அப்படி ஒருத்தன் இருந்திருப்பான். பசங்ககிட்ட இதைத்தான் சொல்லப் போறேன்.

வலதுவிங்

மாஸ்டர், நீங்க எழுதினது மனசைப் பிசையுது. நான் சொன்னதுல ஒரு பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஸ்கேன் வந்த பிறகும் ரெண்டு கோப்பைன்னு நான் யோசிச்சுப் பார்த்ததில்ல.

ஆனா அந்தப் பையன் கேட்ட ரெண்டாவது கேள்வி பாக்கி இருக்கே, ஜெயிச்சவங்க எல்லாம் பெரிய ஆளானாங்களான்னு. சில பேர் ஆனாங்க. 1997 பிரேசில் டீம்ல ரொனால்டினோ. 2003ல ஸ்பெயினோட செஸ்க் ஃபாப்ரகாஸ், கோப்பை கிடைக்கல, ஆனா தங்கப் பந்தும் அவருக்கே, அதிக கோலுக்கான பரிசும் அவருக்கே. 2007ல ஜெர்மனியோட டோனி குரூஸ், அவருக்கும் கோப்பை இல்ல, தங்கப் பந்துதான். ஆனா 1991ல தங்கப் பந்து வாங்கின கானாவோட நீ லாம்ப்டேயைப் பாருங்க. என் வாரிசு இவன்தான்னு பீலே சொன்னதாப் பேச்சு. 16 வயசுல பெல்ஜியத்துல ஆண்டர்லெக்ட் கிளப்புக்கு ஆடினார். படிக்கத் தெரியாத வயசுல கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அவரை ஊர் ஊரா இழுத்தடிச்சுது. இப்ப அக்ராவுல பள்ளிக்கூடம் நடத்துறார். "நான் படிக்கல, நீங்க படிங்க"ன்னு ஒருத்தர் தன் கையாலயே கட்டின மாதிரி இருக்கு எனக்கு.

இன்னொண்ணு. அர்ஜென்டினா! 20 வயசுக்குட்பட்டோர் கோப்பையை 6 தடவை வாங்கினவங்க, மரடோனாவும் மெஸ்ஸியும் அதுல ஆடினவங்க. ஆனா 17 வயசுப் போட்டியில இதுவரைக்கும் ஃபைனலுக்கே வந்ததில்ல. அப்புறம் 2009 பிரேசில் டீம். நெய்மார், கூட்டின்யோ, கசேமிரோ, கோல்ல அலிசன். முதல் சுற்றுலயே வெளிய. அவங்களை அடிச்ச சுவிட்சர்லாந்து அதுக்கு முன்னாடி இந்தப் போட்டிக்கு வந்ததே இல்ல, 7 மேட்ச்சையும் ஜெயிச்சு கோப்பையோட போனாங்க. அந்தச் சுவிஸ் டீம்ல ஜாக்கா, ரோட்ரிகஸ், ஃபைனல்ல கோல் போட்ட செஃபரோவிச்.

கோவை ரயில்

நம்ம ஊர் 2017ஐ யாரும் விவரமா எழுதலயே. நான் எழுதறேன்.

அக்டோபர் 7, சனிக்கிழமை. கோயமுத்தூர்ல காலையில ரயில் ஏறி எர்ணாகுளம். அங்கிருந்து கலூர் ஸ்டேடியம். பிரேசில் - ஸ்பெயின், சாயங்காலம் 5 மணி ஆட்டம். வெளிய புழுக்கம் தாங்கல, உள்ள மஞ்சள் சட்டை கடல். பாதுகாப்புக்காக இருக்கையைக் குறைச்சு 29,000 பேருக்குத்தான் அனுமதி, ஆனா சத்தம் ஒரு லட்சம் பேர் போட்ட மாதிரி. அஞ்சாவது நிமிஷம் பிரேசில்காரன் காலுல பட்டு சொந்த கோல். பக்கத்துல இருந்த சேட்டன் தலையில கை வச்சுட்டார். 25ல லிங்கன், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி பவுலின்யோ, 2-1. சேட்டன் என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டார், அவர் பேர்கூடத் தெரியாது.

பாதிக் கூட்டம் அதோட எழுந்து போச்சு. நான் போகல. ராத்திரி 8 மணிக்கு வட கொரியா - நைஜர். நைஜருக்கு உலகப் போட்டியில அதுதான் முதல் மேட்ச். 1-0ன்னு ஜெயிச்சாங்க. விசில் அடிச்சதும் அந்தப் பசங்க புல்லுல முட்டி போட்டு நெத்தியை வச்சாங்க. காலியான கேலரியில நாங்க சில ஆயிரம் பேர் எழுந்து நின்னு கை தட்டினோம். அவங்க எங்களைப் பார்த்துக் கை ஆட்டினாங்க. பிரேசில் மேட்ச்சைவிட அதுதான் எனக்கு நிக்குது.

ரெண்டு நாள் கழிச்சு டெல்லியில இந்தியா - கொலம்பியா. அதை வீட்டு டிவில. முதல் பாதி முடியற நேரம் ராகுல் அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு. 82வது நிமிஷம் சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னர், மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் எல்லாரையும் தாண்டி எகிறித் தலையால முட்டினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதுலயும் இந்தியா போட்ட முதல் கோல். எங்கப்பா, எழுபது வயசு, கட்டிலை விட்டு எழுந்து நின்னார். உக்காரறதுக்குள்ள அடுத்த நிமிஷமே கொலம்பியா ரெண்டாவது கோல். 1-2. அமெரிக்காகிட்ட 0-3, கானாகிட்ட 0-4. நடத்துற நாடுங்கறதால கிடைச்ச இடம்தான், புள்ளி ஒண்ணுகூட வரல. ஆனா அந்த ஒரு நிமிஷம் எங்க வீட்டுல இன்னும் இருக்கு.

கவுஹாத்தியில நடக்க வேண்டிய இங்கிலாந்து - பிரேசில் அரையிறுதியை மழையில தரை கெட்டுப்போனதால கல்கத்தாவுக்கு மாத்தினாங்க. ஃபைனலும் அங்கதான். ஸ்பெயின் 2-0 முன்னால. அப்புறம் இங்கிலாந்து 5 கோல். ஃபில் ஃபோடன் ரெண்டு. மொத்தப் போட்டிக்கும் வந்த கூட்டம் 13 லட்சத்தைத் தாண்டிச்சு, அது வரைக்கும் எந்த 17 வயசுப் போட்டிக்கும் வராத கூட்டம்.

ஒரு வருத்தம். வினிசியஸ் ஜூனியரைப் பார்க்கலாம்னுதான் டிக்கெட் எடுத்தேன். அவர் கிளப் விடல. இங்கிலாந்தோட ஜேடன் சான்ச்சோவை முதல் சுற்று முடிஞ்சதும் அவரோட ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. 17 வயசுப் பையன் யாருக்குச் சொந்தம், நாட்டுக்கா கிளப்புக்கான்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா யோசிச்சேன்.

வடமராட்சியான்

கோவைத் தம்பி எழுதின நைஜர் ஆட்டம் வாசிக்க எனக்கே கண் கலங்குது.

இப்ப கத்தாரில 48 அணி, ஒவ்வொரு வருசமும் எண்டு மாத்தியிருக்கினம். 2029 வரை அங்கதான். மொரோக்கோ நியூ கலிடோனியாவை 16-0 எண்டு அடிச்சது. அது பெடியளுக்கு நல்லதோ? 16 கோல் வாங்கின பந்துக்காப்பாளன் ஊருக்குப் போய் என்ன சொல்லுவான்? முந்தின மாதிரி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, 24 அணி எண்டால் கிண்ணத்துக்கு ஒரு பெறுமதி இருந்தது.

காலாங் காற்று

16-0 எனக்கும் வலித்தது, அண்ணா. ஆனால் வருடாவருடம் நடத்துவதை நான் ஆதரிக்கிறேன், காரணம் பிறந்த தேதிதான்.

2017 போட்டிக்கு 2000 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடலாம். அடுத்தது 2019ல், அதற்கு 2002 ஜனவரி 1. அப்படியானால் 2001ல் பிறந்தவன்? 2017ல் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு மோத வேண்டும். 2019ல் வயது தாண்டிவிடும். ஜீக்சன் சிங் 2001ல் பிறந்தவர், 16 வயதில் இடம் பிடித்தார். பிடிக்க முடியாமல் போனவர்கள் எத்தனை நாடுகளில் எத்தனை பேர்! முப்பது வருடத்துக்கு மேலாக, தப்பான வருடத்தில் பிறந்ததாலேயே பையன்கள் வெளியே நின்றார்கள். 2021 போட்டி கொரோனாவால் ரத்தானபோது சரியான வருடத்தில் பிறந்தவர்களுக்கும் அது போனது. இப்போது எல்லா வருடமும் சரியான வருடம்தான். 2025க்கு 2008, 2026க்கு 2009 என்று வரிசையாக வரும்.

அதிலும் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் பதினொரு மாத வளர்ச்சி வித்தியாசம் உண்டு. பெரும்பாலான நாட்டு அணிகளை எடுத்துப் பார்த்தால் வருட முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பார்கள். மாஸ்டர், உங்கள் குட்டையான பையன்களின் பிறந்த மாதத்தை ஒரு முறை பாருங்கள்.

வடமராட்சியான்

இதை நான் யோசிக்கேல்லை. ஒத்துக்கொள்ளுறன். 48 அணி எண்டதில மட்டும் என்ர கருத்து அப்பிடியே இருக்குது.

அப்ப எந்த ஆட்டத்தைப் போடுறது? நான் சொல்லுறது 2011, மெக்சிக்கோ - ஜெர்மனி அரையிறுதி. டொரியோன் நகரம். ஹூலியோ கோமெஸ் எண்ட பெடியன் மூண்டாம் நிமிசமே ஒண்டு அடிச்சிட்டான். பிறகு ஜெர்மனி முன்னுக்குப் போச்சு. 76ல மெக்சிக்கோ அடிச்ச கோணர் உதை நேராக வலைக்குள்ள போனது. அந்த நெரிசலில கோமெஸின்ர தலை ஜெர்மன்காரன் ஒருத்தனோட மோதி உடைஞ்சு ரத்தம். வெளிய கொண்டுபோய்த் தலை முழுக்கக் கட்டுப் போட்டவை. திரும்பி வந்தான். 90ல இன்னொரு கோணர். கட்டுப் போட்ட தலையோட, முதுகு நிலத்தைப் பார்க்க அந்தரத்தில படுத்து, பைசிக்கிள் கிக். 3-2. இறுதியாட்டத்தில மாற்று வீரனாத்தான் இறங்கினவன், ஆனா தங்கப் பந்து அவனுக்கு. அதுக்குப் பிறகு பெரிய ஆட்டக்காரனா வரேல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

கார்னர்கொடி

ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, நடந்ததை எழுதிடறேன்.

சிங்கப்பூர்லேருந்து ஆரம்பிச்சேன். காலாங் அண்ணன் சொன்ன காலுறையைச் சொன்னதும் நாலு பேர் அவனவன் காலைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டாங்க. ஜேம்ஸ் வில்லைப் பத்திச் சொன்னதும் எங்க கோலி மட்டும் கேட்டான், "போலீஸ் ஆனதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை ஆடுவாரா மாஸ்டர்?" எனக்குத் தெரியலன்னு சொன்னேன். ஸ்கேன் பத்திச் சொன்னப்போ பத்தொன்பது பேரும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாங்க. ஸ்கேன்அறை அக்காவுக்கு நன்றி.

காறை எலும்பு முறிஞ்ச பையனும் வந்திருந்தான். இப்ப பெரிய பசங்களோட ஆடறான். அவனே எழுந்து அந்த பன் பாக்கெட் கதையைச் சொன்னான். நான் சொல்றதைவிட அவன் சொன்னது நல்லா இருந்துச்சு.

அப்புறம் 2011 மேட்ச். கட்டுப் போட்டுக்கிட்டு கோமெஸ் உள்ள வந்ததும் ஒரு சத்தம் இல்ல. அந்த பைசிக்கிள் கிக்கை மூணு தடவை திரும்பப் போடச் சொன்னாங்க. முடிஞ்சதும் ரெண்டு பேர் கல்லுத் தரையிலயே அந்தரத்துல படுக்கப் பார்த்தாங்க. அதட்டி நிறுத்தினேன்.

கடைசியா சாக்பீஸ் குடுத்து ஸ்டோர் ரூம் சுவத்துல அவனவன் பேரும் பிறந்த தேதியும் எழுதச் சொன்னேன். காலாங் அண்ணன் சொன்னது சரி. என் டீம்லயே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்லதான் பத்து பேர். முதல் பதினொண்ணுல நான் வழக்கமா இறக்குறதுல ஏழு பேர் அதுல இருக்காங்க. நான் இத்தனை நாளா ஆட்டத்தைப் பார்த்து எடுக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அடுத்த மேட்ச்ல மாத்தி இறக்கிப் பார்க்கப் போறேன்.

இருக்கிறதுலயே குட்டைப் பையன் கடைசியா எழுதினான். 28.12.2010. மத்தவங்க தேதியையெல்லாம் பார்த்துட்டு விரல்ல கணக்குப் போட்டான். "மாஸ்டர், 2027ல நடக்குறதுக்கு 2010ல பிறந்தவங்க ஆடலாம்ல?" ஆமான்னேன். சாக்பீஸை எடுத்துத் தன் பேருக்குப் பக்கத்துல 2027ன்னு எழுதி, சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டுப் போனான்.